சஹனுக்குள் நின்ற சுழி

எங்கள் ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். மீன் ஏன் படவில்லை, வாய்க்காலில் தண்ணீர் ஏன் வரவில்லை, யாருடைய கலியாணம் ஏன் குழம்பியது, எதைக் கேட்டாலும் சந்தியில் நிற்கிறவர்களிடம் பதில் தயாராக இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் “எனக்குத் தெரியா” என்ற சொல்லை ஒரு பெண், அதுவும் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர், நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டு திரிந்தார். புதுக் காப்புப் போட்ட பெண் கையை ஆட்டி ஆட்டிக் கதைப்பாளே, அப்படித்தான் அந்தச் சொல்லை அவர் வெளியே எடுப்பார். ஊர் சும்மா விடுமா? “தெரியா டீச்சர்” என்று பட்டம் வைத்துவிட்டது. அது அவருடைய காதுக்குப் போனபோது, யார் வைத்தது என்று அவரைப் பெற்ற உம்மா கொதித்தாராம். டீச்சர் சிரித்தாராம். ஆர் வெச்சதெண்டு எனக்குத் தெரியா, ஆனா சரியாத்தான் வெச்சிரிக்காங்க என்றாராம்.

என் சைக்கிள் கடை கல்முனைக்குடியில், கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கையில் இருந்தது. டீச்சருடைய வீடு நேர் எதிரே. உம்மாவும் அவருமாக இரண்டு பேர். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடத்தை விட்டேனே தவிர பயத்தை விடவில்லை. ஒருவருக்கு ஒட்டுப் போட்டு, காற்றடித்துக் கொடுத்து அனுப்பினால், அவர் சந்தி தாண்டும்வரை டியூப் வெடிக்கிற சத்தம் வருமோ என்று காது கொடுத்துக்கொண்டிருப்பேன். மழை பெய்தால் வெள்ளத்துக்குப் பயம், பெய்யாவிட்டால் கிணற்றுக்குப் பயம். என்னைப் போன்ற ஒருவனுக்கு எதிர்வீட்டில் அவரைப் போன்ற ஒருவர் வாய்த்தது அல்லாஹ்வின் ஏற்பாடு என்றுதான் நினைக்கிறேன்.

எழுபத்தெட்டுச் சூறாவளியைப் பற்றி எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வடக்கே இருந்து வந்த காற்று முதலில் ஓடுகளைக் கழற்றியது, பிறகு தகரங்களை, பிறகு தென்னைகளின் தலைகளை. நான் மனைவியையும் பிள்ளைகளையும் கல் அடுப்படிக்குள் தள்ளிவிட்டு, கதவைத் தோளால் முண்டு கொடுத்துக்கொண்டு, “ஹஸ்புனல்லாஹு வநிஃமல் வகீல்” என்று ஓதிக்கொண்டே நின்றேன். எங்களுக்கு அல்லாஹ் போதுமானவன் என்று அர்த்தம். எத்தனை தரம் ஓதினேன் என்று எண்ணுகிற நிலையில் நான் இருக்கவில்லை.

ஒரு கட்டத்தில் காற்று, சுவிட்சை அணைத்தது போல நின்றது. உடனே ஒழுங்கை முழுக்க ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். அரிக்கன் விளக்கும் கையுமாகத் தகரம் பொறுக்க ஓடினார்கள். என் தகரம் அயல்வீட்டுத் தகரத்தோடு கலந்துவிட்டால் நாளைக்கு அடையாளம் காட்ட முடியாதல்லவா. அந்த நேரத்தில் உலகத்திலேயே பெரிய கவலை அதுதான் போல இருந்தது. நானும் ஓடினேன். எதிர்வீட்டு வாசல் படலைக்குள் இருந்து டீச்சர் கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன்.

“காக்கா, உள்ளுக்குப் போங்க.”

“முடிஞ்சிட்டுத்தானே டீச்சர்?”

“முடிஞ்சிதா எண்டு எனக்குத் தெரியா. தெரியாத நேரத்துல வெளியில நிக்கப்படாது.”

ஒழுங்கையில் நின்ற மற்ற எல்லாருக்கும் முடிந்துவிட்டது என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தது. நான் பயந்தவன் ஆனபடியால், தெரியாது என்று சொன்ன ஒரே ஆளின் பேச்சைக் கேட்டு உள்ளே போனேன். கொஞ்ச நேரத்தில் காற்று தெற்கே இருந்து வந்தது. பொறுக்கி அடுக்கி வைத்த தகரங்களெல்லாம் வாள்களாக எழும்பிப் பறந்தன. எங்கள் ஒழுங்கையில் காயப்பட்டவர்கள் உண்டு. உயிர் போய் ஒருவரும் மௌத்தாகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

பிறகு ஊர், டீச்சர் சூறாவளியை முன்கூட்டியே சொன்னார் என்று கதை கட்டியது. சிலர் அவரிடம் பயபக்தியோடு வந்தார்கள். அவர் கோபப்பட்டு நான் கண்டது அந்த ஒருமுறைதான். அவர் எதையும் சொல்லவில்லையாம், தெரியாது என்று மட்டும்தான் சொன்னாராம், அதைத் திருப்பிச் சொல்ல ஏலாதவர்கள் அவருடைய வாசலுக்கு வரத் தேவையில்லையாம். வந்தவர்கள் திகைத்துப் போய்த் திரும்பினார்கள்.

அடுத்த வருடம் ஒரு காலையில், பத்திரிகைத் துண்டு ஒன்றோடு டீச்சர் வெளியே வந்தார். அவர் என் கடைக்குள் வருவதில்லை. ஒழுங்கையின் நட்டநடுவில், குடையைப் பிடித்துக்கொண்டு, நாலு பேர் பார்க்க நின்றுதான் கதைப்பார். உம்மா படலையில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். அப்படி இருந்தும் யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று எனக்குப் பயம். நான் சைக்கிள் சில்லைப் பார்த்தபடியே பதில் சொல்வேன்.

படம் கறுப்பு வெள்ளை. வியாழன் என்ற கிரகமாம். ஒரு விண்கலம் கிட்டப் போய் எடுத்ததாம். உருண்டையின் குறுக்கே கரை கரையாகக் கோடுகள். எனக்குப் புரியவில்லை என்பதைக் கண்ட டீச்சர், அடிமட்டக் கோலை நீட்டி, “உங்கட சாரத்தப் பாருங்க காக்கா” என்றார். நான் பதறிப்போய் இடுப்பு முடிச்சைப் பிடித்துப் பார்த்தேன். முடிச்சு சரியாகத்தான் இருந்தது. அவர் காட்டியது மருதமுனைத் தறியில் நெய்த சாரத்தின் கரைகளை.

அந்தக் கிரகத்தில் ஒரு கரையில் காற்று கிழக்கே ஓடுகிறதாம். பக்கத்துக் கரையில் மேற்கே. அதற்கடுத்ததில் மறுபடி கிழக்கே. எங்கள் ஊர்ச் சூறாவளியை விட வேகமான காற்றுகளும் அதில் உண்டாம். ஆனால் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடினாலும் ஒன்று மற்றதைக் கலைத்துவிடுவதில்லையாம். பெரிய தொலைநோக்கிகளால் பார்த்து வரைந்து வைத்த காலம் தொட்டு, கரைகள் அநேகமாக அதே அதே இடத்தில்தானாம். இரண்டு கரைகளுக்கு நடுவே ஒரு நீளுருண்டைப் பொட்டு இருந்தது. என் சாரத்திலும் முழங்காலுக்குப் பக்கத்தில், இரண்டு கரைகளுக்கு நடுவே, ஒரு கிறீஸ் கறை இருந்தது. அடிமட்டம் அதில் வந்து நின்றது.

“இதுவும் ஒரு புசல்தான். சிவப்பு நிறமாம். முந்நூறு வருசமா நிக்குது எண்டு சொல்றாங்க. நம்மட பூமியத் தூக்கி அதுக்குள்ள போட்டா, காணக் கிடைக்கா.”

நான் கையிலிருந்த நட்டுச் சாவியைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு பொழுது நின்ற புயல் என் கூரையைக் கொண்டுபோயிருந்தது. முந்நூறு வருடம் நிற்கிற புயல் என்றால்?

“டீச்சர், அது இங்கால வராதே?”

வேறு யாராவது என்றால் ஒழுங்கை கேட்கச் சிரித்திருப்பார்கள். அவர் சிரிக்கவில்லை.

“வராது காக்கா. அது எனக்குத் தெரியும்.”

தெரியாது என்று ஓயாமல் சொல்கிறவரின் வாயிலிருந்து வருகிற “தெரியும்” எவ்வளவு கனமானது என்று அன்றைக்குத்தான் கண்டேன். ஊரில் நூறு பேர் சத்தியம் பண்ணிச் சொல்லியிருந்தாலும் எனக்கு அந்த நிம்மதி வந்திராது. சூறாவளிக்குப் பிறகு கூரை கிறீச்சிட்டால் எழும்பி உட்காருகிற நான், அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. அது ஏன் சாகவில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. எங்கள் புயலுக்குக் கடல் சாப்பாடு போட்டது, தரையில் ஏறியதும் சாப்பாடு நின்றது, மரத்திலும் மலையிலும் முட்டி முட்டிச் செத்தது என்பார். வியாழனில் முட்டுவதற்குத் தரையே இல்லையாம். அது ஒரு காரணம், ஆனால் அது மட்டும் போதாது என்று நினைப்பதாகவும் சொல்வார். “தெரியும்”, “நினைக்கிறன்”, “தெரியா” என்று அவரிடம் மூன்று பெட்டிகள் இருந்தன. எதைக் கேட்டாலும் எந்தப் பெட்டியில் இருந்து எடுத்துத் தருகிறார் என்று சொல்லித்தான் தருவார். ஏன் இவ்வளவு கவனம் என்று ஒருமுறை கேட்டேன். இன்றைய மீனையும் நேற்றைய மீனையும் ஒரே பெட்டியில் போட்டால் இரண்டும் நாறும் என்றார்.

இந்தக் குணத்தால் அவருக்கு இழப்புகளும் வந்தன. ஒரு நல்ல இடத்துச் சம்பந்தம் முற்றாகும் தறுவாயில், மாப்பிள்ளையின் உம்மா வந்து, எங்கட மகனோட ஒத்துப் போவீங்களா மகள் என்று ஆசையாகக் கேட்டாராம். ஓம் மாமி என்று சொல்லித் தலையைக் குனிந்தால் காரியம் முடிந்தது. டீச்சர் யோசித்துப் பார்த்துவிட்டு, பழகாத ஆளப் பத்தி எப்படிச் சொல்ற மாமி, தெரியா என்றாராம். சம்பந்தம் போயிற்று. உம்மா சில நாட்கள் படலைக்கே வரவில்லை.

இனி விசயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப் பெண்கள் பாடசாலையில் அப்போது சாதாரண தரப் பரீட்சை வரைதான் விஞ்ஞானம். அதற்கு மேல் விஞ்ஞானம் படிக்க வேண்டுமானால் பஸ் ஏறி வேறு ஊருக்குப் போக வேண்டும். பெண்பிள்ளைகளில் போனவர்கள் குறைவு. என் மூத்த மகள் டீச்சரிடம்தான் படித்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி. ஆனால் பஸ்ஸில் அனுப்ப எனக்குப் பயம். டயர் வெடித்தால்? கலவரம் என்றால்? ஏலாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். உயர்தர விஞ்ஞான வகுப்பு எங்கள் பாடசாலைக்கே வந்தால் ஒழிய, என் படிப்பு ஆறாம் வகுப்பில் நின்றது போல அவளுடையது அங்கே நின்றுவிடும்.

வகுப்புக் கேட்டுப் பாடசாலை ஏற்கெனவே முயன்று பார்த்திருந்தது. கல்வி அதிகாரி, உங்கள் பிள்ளைகள் விஞ்ஞானத்தில் என்னத்தைச் செய்கிறார்கள் என்று கண்காட்சியில் காட்டுங்கள், பார்ப்போம் என்று சொல்லிவிட்டாராம். பாடசாலையின் தலைமை ஆசிரியரான அதிபர் ஒரு நல்ல மனிதர். எரிமலை செய்வோம் டீச்சர், அப்பச்சோடா போட்டு எலுமிச்சைப் புளியை ஊற்றினால் பொங்கும், பிழை வராது என்றார். டீச்சர் ஒழுங்கையின் நடுவில் வந்து நின்று என்னிடம் கேட்டார்.

“காக்கா, ஒரு தண்ணிய ரெண்டு பக்கம் சுத்த வைக்க ஏலுமா?”

வெளிப்பக்கத் தண்ணீர் ஒரு திசையிலும் உள்பக்கத் தண்ணீர் எதிர்த்திசையிலும் ஓட வேண்டும். வியாழனின் பக்கத்துப் பக்கத்துக் கரைகள் போல. நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். இதுதான் அவர் கேட்டது. எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டேன். இப்படிச் செய்யலாம் என்று ஓரிடத்தில் இரண்டு வரி படித்தாராம், எப்படி என்று அதில் இல்லையாம்.

தண்ணீருக்கு அகலமான, ஆழமில்லாத பாத்திரம் வேண்டும். டீச்சர் வீட்டில் சஹன் இருந்தது. விருந்துக்குச் சோறு குவித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய வட்டத் தட்டு. உம்மாவின் கலியாணத்துச் சஹன். அதை வெளியே எடுத்தபோது உம்மா போட்ட சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது.

“சோறு தின்னுற சஹனுக்குள்ள புசலப் புடிச்சி வைக்கப் போறாளாம். கூரையக் கொண்டுபோனது போதாதா இவளுக்கு?”

எனக்கும் பயம்தான். பரக்கத்தான, அருள் நிறைந்த பாத்திரத்தில் இப்படிச் செய்யலாமா என்று பள்ளிவாசல் மௌலவியிடம் தனியாகப் போய்க் கேட்டேன். கழுவி வைத்துவிட்டால் என்ன, அல்லாஹ்வின் படைப்பைப் பார்க்கத்தானே என்று அவர் சொன்ன பிறகுதான் சாவியைக் கையில் எடுத்தேன்.

ஒரு முன்சில்லைப் படுக்க வைத்து, அச்சை மரக்கட்டையில் இறுக்கி, அதன்மேல் சஹனைக் கட்டினேன். மேலே இருந்து தொங்கும் இன்னோர் அச்சில் ஒரு பால்மா டின்னை, சஹனின் நடுவே தண்ணீருக்குள் அமிழ்கிற மாதிரி மாட்டினேன். இரண்டையும் சுழற்ற ஒரேயொரு பெடல். பழைய டியூபை நாடாவாக வெட்டி, சில்லுக்கு நேராகவும், டின்னுக்கு எட்டுப் போல மாற்றியும் போட்டேன். மாற்றிப் போட்ட நாடா எதிர்ப்பக்கம் சுற்றும். பெடலைச் சுழற்றினால் சஹன் வலமாகவும் டின் இடமாகவும் ஓடும். இதைச் செய்து முடித்தபோது எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

வந்த மரியாதை அடுத்த நாளே போய்விட்டது. டீச்சரின் முற்றத்தில், என் மகளும் இன்னும் சில பிள்ளைகளும் சுற்றி நிற்க, மருதமுனையில் நூலுக்குப் போடுகிற சிவப்புச் சாயத்தைத் தண்ணீரில் ஒரு துளி விட்டு, நான் பெடலைச் சுழற்றினேன். சின்னச் சின்னச் சுழிகள் வந்தன. வந்த வேகத்தில் உடைந்தன. தண்ணீர் முழுக்கச் சிவந்து, இறைச்சி கழுவிய தண்ணீர் போலாயிற்று. மறுபடி ஊற்றி, மறுபடி சுழற்றி, அதே கதை. கலங்கிய தண்ணீரையெல்லாம் உம்மாவின் முருங்கை மரத்தடியில் ஊற்றினோம். மரம் சிவப்பாய்க் காய்க்கும் என்று உம்மா எல்லாருக்கும் சொல்லித் திரிந்தார்.

பிழை என் கையில் இருந்தது. பெடல் பிழையாகிவிடுமோ, நாடா கழன்றுவிடுமோ என்ற பயத்தில் நான் வெட்டி வெட்டிச் சுழற்றினேன். ஓரமாக நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்த டீச்சர், காற்று அங்கே மாறாமல் ஓடுகிறபடியால்தான் கரைகள் கலையாமல் இருக்கின்றன என்று நினைப்பதாகவும், என் கையும் அப்படி ஓடினால் பார்க்கலாம் என்றும் சொன்னார். பயந்த கையை எப்படி மாறாமல் ஓட்டுவது? எனக்கு ஒரு வழிதான் தெரியும். கதவுக்குத் தோள் கொடுத்து நின்ற பொழுதில் ஓதியதையே வாய்க்குள் ஓதத் தொடங்கினேன். ஒரு சுற்றுக்கு ஒரு “ஹஸ்புனல்லாஹு வநிஃமல் வகீல்”. கை அந்த ஓதலின் இழுப்புக்குள் வந்து அடங்கியது.

சஹனில் சுழிகள் வந்தன. ஒன்று பக்கத்திலிருந்ததைத் தின்றது. அது இன்னொன்றைத் தின்றது. கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சி, டின்னைச் சுற்றி மெதுவாக ஊர்ந்தது. டீச்சர் அதற்குள் ஒரு துளி சாயம் விட்டார். சாயம் வெளியே ஓடவில்லை. உள்ளுக்குள்ளேயே சுருண்டு சுருண்டு சிவப்புக் கண்ணாக நின்றது. டீச்சர் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். படலையில் இருந்த உம்மாதான், “சுபுஹானல்லாஹ், நிக்குதுகா” என்றார்.

கண்காட்சிக்கு முந்திய நாள் அதிபர் டீச்சரின் வீட்டுக்கே வந்தார். என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொன்னார். சாமான் நல்லாயிருக்கிறது, அதில் ஒரு குறையும் இல்லை, ஒரேயொரு உதவி மட்டும் டீச்சர் செய்ய வேண்டும்.

“அந்த மனுசனுக்கு முன்னால ‘தெரியா’ எண்ட சொல்ல மட்டும் எடுத்துராதீங்க. தெரியாத ஆக்களுக்கு வகுப்புத் தர மாட்டாங்க.”

அதிபர் போனதும் நானும் கெஞ்சினேன். மகளுடைய படிப்பு இதில்தான் இருக்கிறது என்றேன். அவருக்கு அது தெரியாதா என்ன. தெரிந்ததைத்தான் சொல்வேன் காக்கா என்றார். எனக்கு அதில் நிம்மதி வரவில்லை.

நெல் ஏற்றுகிற ட்ரக்டர் பெட்டியில், வைக்கோலுக்கு நடுவில் வைத்துச் சாமானைக் கொண்டுபோனோம். ஒவ்வொரு குழியிலும் நான் சில்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கண்காட்சி நடந்த வகுப்பறையில் எங்களுக்கு ஒரு மூலை கிடைத்தது. பக்கத்து மேசையில் வேறொரு பாடசாலையின் எரிமலை, ஆட்கள் வரும்போதெல்லாம் பொங்கிக்கொண்டிருந்தது.

கல்வி அதிகாரி வருகிறார் என்றதும் நான் பெடலைத் தொடங்கினேன். ஓதலையும் தொடங்கினேன். சுழி பிறந்தது, ஒன்று மற்றதைத் தின்றது, ஒன்று மிஞ்சியது. என் மகள் சாயம் விட்டாள். அதிகாரி குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். இந்த ஆள் என்ன முணுமுணுக்கிறார் என்று கேட்டார். அதுதான் எங்கட மோட்டர், சேர் என்று அதிபர் சமாளித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரித்தால் கை தடுமாறும் என்று சிரிக்கவில்லை.

“அப்ப வியாழனிலயும் இதுதான் நடக்குது” என்றார் அதிகாரி. “ரெண்டு காத்துக்கு நடுவில அகப்பட்டபடியால்தான் அந்தப் புயல் சாகாமல் நிக்குது. அப்படித்தானே டீச்சர்?”

ஓம் சேர் என்று இரண்டு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அதிபர் டீச்சருக்காகத் தானே தலையாட்டத் தொடங்கிவிட்டார்.

“அப்படி இரிக்கலாம் எண்டு நினைக்கிறன் சேர். அப்படித்தான் எண்டு எனக்குத் தெரியா.”

என் ஓதல் ஒரு சுற்றுத் தவறியது. சஹனில் சுழி நடுங்கியது. பிடித்துக்கொண்டேன்.

“தெரியாததை ஏன் இவ்வளவு தூரம் ஏத்திக்கொண்டு வந்தீங்க?”

“தெரிஞ்சதெல்லாம் புத்தகத்துல இரிக்கி சேர். அதக் காட்டுறதுக்குப் புள்ளைகள் தேவல்ல.”

அதிகாரியின் முகம் எந்தப் பக்கம் போகிறது என்று எனக்கு விளங்கவில்லை. அவர் வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார்.

“அப்ப வகுப்புத் தந்தா, இவங்கள் கண்டுபிடிச்சிருவாங்களோ?”

கேலிதான். அந்தக் கேலிக்காவது ஓம் என்று சொல்லலாம். பிள்ளைகளுக்காகச் சொல்கிற ஓம் பொய்யாகாது என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

“அதுவும் தெரியா சேர். வகுப்பு இல்லாட்டிக் கண்டுபுடிக்க ஏலா எண்டு மட்டும் தெரியும்.”

அதிகாரி என் பக்கம் திரும்பி, நிறுத்துங்கள் என்றார். நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். கையை எடுத்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

சில்லு நின்றது, டின் நின்றது. சுழி நிற்கவில்லை. யாரும் சுழற்றாமலே அந்தச் சிவப்புக் கண் ஊர்ந்துகொண்டிருந்தது. அதிகாரி இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து, அது மெலிந்து, நீண்டு, நூலாகப் பிரிந்து போகும்வரை பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு நிமிராமலே கேட்டார்.

“கையை எடுத்த பிறகும் இவ்வளவு நேரம் ஏன் நிண்டது?”

“அது தெரியும் சேர்” என்றார் டீச்சர். அதன் பிறகு அவர் விளக்கிய விளக்கம் இருக்கிறதே, எனக்கு அதில் பாதிதான் புரிந்தது. ஆனால் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு, என் தோள் நோவெல்லாம் போய்விட்டது. அதிகாரி கேட்கக் கேட்க, டீச்சர் மூன்று பெட்டிகளையும் திறந்து, இது தெரியும், இது நினைக்கிறன், இது தெரியா என்று பிரித்துப் பிரித்துக் கொடுத்தார். அதிகாரி அடுத்த மேசைக்குப் போக மறந்து நின்றார். எங்கள் ஒழுங்கைக்காரி அவர், எங்கள் ஊர்ச் சஹன் அது, பெடல் என்னுடையது. கண்காட்சிக்கு வந்தவர்களிடம் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

பரிசு எரிமலைக்குத்தான் போயிற்று. திரும்பி வருகிற வழியெல்லாம் அதிபர் ட்ரக்டரின் முன்பக்கம் பார்த்தே வந்தார். நான் வைக்கோலில் உட்கார்ந்து மகளைப் பார்க்காமல் வந்தேன். டீச்சர் மட்டும், நிறுத்திய பிறகு சுழி ஏன் டின்னின் பக்கம் சாய்ந்து செத்தது என்று யோசித்துக்கொண்டு வந்தார். அவ்வளவு கவலைக்கு நடுவிலும் அவருக்குப் புதிதாக ஒரு “தெரியா” கிடைத்துவிட்டது.

பாடசாலை விடுமுறை முடிந்து திறந்தபோது செய்தி வந்தது. உயர்தர விஞ்ஞான வகுப்பு எங்கள் பாடசாலைக்குத் தரப்பட்டிருக்கிறது. முதலில் பரீட்சார்த்தமாக, பிறகு பார்ப்போம் என்று. அதிபர் தானே சைக்கிளில் வந்து, என் கடை வாசலில் இறங்கி, என் கிறீஸ் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருடைய வெள்ளைச் சேட்டுக் கையில் கிறீஸ் பட்டதை அவர் கவனிக்கவில்லை. டீச்சரின் அந்தப் பதில்தான் வகுப்பைக் கொண்டுவந்தது என்று ஊர் அன்றைக்கே முடிவு கட்டியது. அன்று வரை தெரியா டீச்சர் என்று நக்கலடித்தவர்கள் அதையே பெருமையாகச் சொல்லத் தொடங்கினார்கள். நான் ஓடிப்போய் ஒழுங்கையின் நடுவில் நின்று அவரிடம் சொன்னேன். அவர் வழக்கம் போல் குடையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

“அந்த மனுசன் ஏன் தந்தாரெண்டு எனக்குத் தெரியா காக்கா.”

என் மகள் அந்த வகுப்பின் முதல் வரிசைப் பிள்ளைகளில் ஒருத்தி. பிறகு அவள் பஸ்ஸில் மட்டுமல்ல, ரயிலிலும் ஏறிப் பல்கலைக்கழகம் போனாள். அப்போதும் நான் பயந்தேன்தான். ஆனால் போக வேண்டாம் என்று சொல்லவில்லை.

டீச்சருக்குப் பொத்துவிலுக்கு இடமாற்றம் வந்தது. உம்மாவையும் சஹனையும் கூட்டிக்கொண்டு போனார். பிறகு வந்த வருடங்கள் யுத்தத்தால் பாதைகள் மூடிக்கிடந்த வருடங்கள். போக்குவரத்து நின்றது, செய்தி குறைந்தது. எதிர்வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். முருங்கை மட்டும் நின்றது. காய் பச்சையாகத்தான் காய்த்தது. அவர் இப்போது எங்கே, எப்படி இருக்கிறார் என்று கேட்டால், அவருடைய சொல்லைத்தான் எடுக்க வேண்டும். எனக்குத் தெரியா. ஊரில் சிலர் தெரியும் என்று சொல்கிறார்கள். நான் நம்புவதில்லை.

எண்பதுகளின் கடைசியில், நீல நிறமான இன்னொரு கிரகத்திலும், வியாழனில் இருந்தது போலவே ஒரு பெரிய கறுப்புப் பொட்டை, அன்றைய விண்கலம் கண்டதாம். அதுவும் காற்றுகளுக்கு நடுவில் நின்றதுதானாம், ஆனால் சில வருடங்களில் திரும்பப் பார்த்தபோது காணவில்லையாம். இதை மகள்தான் சொன்னாள். இப்போது அவள் பௌதிகவியல் படிப்பிக்கிறாள். அன்று அதிகாரிக்கு ஓம் என்று சொல்லியிருந்தால் டீச்சருக்கு இன்றைக்கு எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும் என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்தபோது எனக்கு டீச்சர் பக்கத்தில் நிற்பது போலிருந்தது.

போன மாதம் அவள் தன் ஃபோனில் ஒரு படம் காட்டினாள். வியாழனின் சிவப்புப் பொட்டு. இப்போது கலரில். நான் பத்திரிகைத் துண்டில் பார்த்த நீளுருண்டை அல்ல. ஒடுங்கிப் போயிருந்தது. வருடா வருடம் சிறுத்துக்கொண்டு வருகிறதாம். எந்தப் புயல் இங்கே வந்துவிடுமோ என்று ஒருகாலத்தில் பயந்தேனோ, அது போய்விடுமோ என்று இப்போது பயந்தேன்.

“அது செத்துருமா மகள்?”

அவள் யோசித்தாள். பிறகு, புதுக் காப்பு மின்னுகிற மாதிரி முகம் மின்னச் சொன்னாள்.

“தெரியா வாப்பா.”

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, ஏன் வாப்பா கையை ஆட்டுகிறீர்கள் என்று அவள் கேட்டபோதுதான் குனிந்து பார்த்தேன். வாய் தானாக ஓதிக்கொண்டிருந்தது. வலது கை முழங்காலின் மேல், மாறாத ஒரே வேகத்தில், மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.